பதிவு

வங்கி ஏலத்தில் எடுத்த பழைய கணினி.
நெற்றியில் இன்னும் அவர்களுடைய சொத்து இலக்கம்.
சேர்வர் என்று பெயர் சூட்டி
சப்பாத்து றாக்கைக்குக் கீழே இருத்தினேன்.
திரை இல்லை, விசைப்பலகை இல்லை,
ஒரு பச்சைப் புள்ளி மட்டும்.

வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கை.
இரும்புக்கே இங்கே இரண்டு வருடம்தான் ஆயுள்.
இருநூற்றுப் பதினாறு சீடிகளின் முதுகிலும்
உப்பு ஏறத் தொடங்கியிருந்தது.
ஒவ்வொன்றாய் இறக்கி வைத்தேன்,
இரவுக்கு நாலு, ஞாயிறென்றால் பத்து.
டிரைவ் நாக்கை நீட்டும். வைப்பேன். விழுங்கும்.
கரையோர ரயில் போனால் மேசை அதிரும்,
உள்ளே அந்த ஒற்றைக் கண் தடுமாறி
வாசித்த இடத்தையே திரும்ப வாசிக்கும்.

இணையத்துக்கு எங்கள் தட்டுகளைத் தெரியாது.
பெயர் அறியாத கலைஞர், பாடல் ஒன்று.
பெயர் அறியாத கலைஞர், பாடல் இரண்டு.
நானே இருந்து தட்டினேன்:
நாதஸ்வரம் யார், தவில் யார்,
எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா.
பெயர், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம் என்று
முன்பு பொலிஸுக்கு நிரப்பிக் கொடுத்த படிவம்
விரல்களுக்கு ஞாபகம் வந்தது.
அதற்கும் பதிவு என்றுதான் பெயர்.

பெற்றோல் வரிசைக் காலத்தில்
என் ஸ்கூட்டிக்கும் சேர்த்து இரண்டு நாள் நின்றவர்
மேல் வீட்டு விஜேகோன்.
(நாலாம் மாடி என்றால் இந்த நகரத்தில்
வேறு கட்டடம் நினைவு வரும்.
ஆகவே மேல் வீடு.)
பதிலுக்கு வைஃபை கொடுத்தேன்.
பாட்டும் கேட்கலாம் என்று
பேச்சுக்குச் சொல்லிவைத்தேன்.
'விருந்தினர்' என்று ஒரு கணக்கு.

வட்டு நிரம்பிய ஒரு நாள்
எது இடத்தை அடைக்கிறதென்று தேடப்போய்
சேர்வரின் பதிவேட்டைத் திறந்தேன்.
விருந்தினர். இரவு 2.14. ஒரு நாதஸ்வரக் கச்சேரி.
விருந்தினர். 2.09. அதே தட்டு.
விருந்தினர். 2.31.
பதினேழு இரவுகள்.
எல்லா இரவும் ஒன்பதாவதில் நின்று
மீண்டும் ஒன்றிலிருந்து.

எனக்குத் தெரியும் ஏனென்று.
ஒன்பதில் ஒரு கீறல். அவசரத்தில் விட்டுவிட்டேன்.
நாலு நிமிடம் ஏழு செக்கனில் தோடி உடைந்து
தகரத்தில் கல்லெறிந்த மாதிரி.
அவர் அதில் எதைக் கேட்கிறார்?
சொற்களே இல்லாத இசை,
மொழிபெயர்த்துக் கொடுக்க என்னிடம் எதுவுமில்லை.
நித்திரை வராத மனிதராய் இருக்கலாம், அவ்வளவுதான்.

அன்று கடைசி ரயில் போகும்வரை காத்திருந்தேன்.
பாத்திரம் கழுவும் சோப்பில் தட்டைக் கழுவி
பழைய வோயில் சேலைத் துண்டால்
நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்து
டிரைவை ஆக மெதுவாக ஓடவிட்டேன்.
ஒரே பாடலுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம்.
கரண்ட் போகாதே, போகாதே என்று
ஒரு மெஷினுக்கு முன்னால்
சம்மணமிட்டு இருந்தேன்.
பிழை பூச்சியம். மணி ஒன்று ஐம்பது.

கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டு
காலையில் பார்த்தேன்.
விருந்தினர். 2.22.
எட்டு. ஒன்பது. ஒன்பது. ஒன்பது.
பத்து.
பிறகு மங்களம் வரைக்கும்.

பதிவேட்டை அழித்தேன்.
இனி எழுதாதே என்று ஒரு வரி எழுதினேன்.
யார், எப்போது, எதைக் கேட்டார் என்று
குறித்து வைக்க
இங்கே ஆட்களுக்கா பஞ்சம்.

லிஃப்டில் விஜேகோன், கையில் பாண்.
தண்ணீர்ப் பில் கூடிவிட்டதாம்,
மொட்டைமாடித் தாங்கி ஒழுகுகிறதாம்.
ஆமாம் என்று மூன்றில் இறங்கினேன்.

இப்போதும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால்
றாக்கைக்குக் கீழே பச்சை மினுங்குகிறது.
அவராக இருக்கலாம்.
வட்டு தன்பாட்டில்
ஏதோ ஒழுங்குபடுத்துவதாகவும் இருக்கலாம்.
நான் எழும்பிப் போய்ப் பார்ப்பதில்லை.